பதினொரு நிமிடத்துக்கு ஒரு சொட்டு

காலை எட்டு மணிக்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் நின்ற பெரியவரின் சட்டைப் பையில் ஒரு சிப்பி ஓடு இருந்தது. முந்தின இரவு சாப்பாட்டுத் தட்டில் மிஞ்சியது. மலேசியாவில் இதைக் கெராங் என்பார்கள்; சிலாங்கூர்க் கரையோரச் சேற்றில் விளைவது, சார் குவே தியாவ் நூடுல்ஸில் போட்டு வதக்குவது. மகள் வீட்டில் எல்லாரும் ஓட்டைக் குப்பையில் தள்ளியபோது அவர் மட்டும் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். சிப்பி ஓட்டைப் பார்த்தால் அவருக்குச் சுண்ணாம்பு ஞாபகம்தான் வரும்.

கூட வந்த பேத்தி மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தாத்தாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். பேத்திக்குக் குகைக்குள் சொட்டும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டும் முடியும் என்று கிளம்பிவிட்டார்கள்.

கேடிஎம் கொமுட்டரில் நடுப்பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். தெரியாமல் ஏறப்போன தாத்தாவைப் பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடினாள். உட்கார்ந்ததும் அவர் ஓட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"தாயி, இதைச் சுட்டாலும் சுண்ணாம்பு வருது. மலைக் கல்லைச் சுட்டாலும் சுண்ணாம்பு வருது. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டும் கால்சியம் கார்பனேட்தான் தாத்தா. அடுக்கியிருக்கிற விதம்தான் வேற."

அடுக்கிய விதம் என்றதும் கொத்தனாருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே செங்கலை வைத்து ஒரு கல் சுவரும் கட்டலாம், ஒன்றரைக் கல் சுவரும் கட்டலாம். கால்சியமும் கார்பனேட்டும் ஒரு விதமாக அடுக்கினால் கால்சைட். பத்துமலையின் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பங்கு அதுதான். வேறு விதமாக அடுக்கினால் அரகோனைட். கெராங் ஓடு அந்த வகை. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் நிலைத்து நிற்பது கால்சைட்தான். அப்படியிருக்க, கடலில் ஏன் அரகோனைட் இத்தனை விளைகிறது? சிப்பி தன் ஓட்டைத் தன் உடம்புக்குள் தானே கட்டுப்படுத்திக் கட்டுகிறது என்பது ஒரு பாதிப் பதில். உயிரினம் எதுவும் தொடாத கடல்நீரிலும் அரகோனைட்டே முந்திக்கொள்கிறது. அதற்குக் காரணம் மெக்னீசியம்.

கடல்நீரில் ஒரு கால்சியம் அணுவுக்கு ஐந்து மெக்னீசியம் அணுக்கள் இருக்கின்றன. மெக்னீசியம் அளவில் சிறியது. தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைத்திருப்பது. அது கால்சைட் அடுக்குக்குள் கால்சியத்தின் இடத்தில் புகுந்துகொண்டால், அந்த இடம் முறுக்கிக்கொள்கிறது, அந்தப் படிகம் முன்னைவிட எளிதாகக் கரைகிறது. வளர வேண்டிய விளிம்பு தயங்கி நின்றுவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் டேவிஸ், டோவ், டி யோரியோ ஆகிய மூவரும் அணுவிசை நுண்ணோக்கியில் கால்சைட்டின் மேற்பரப்பைப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். அரகோனைட்டின் அடுக்கில் மெக்னீசியத்துக்கு இடமே இல்லை. அதனால் அது தடையில்லாமல் வளர்கிறது. வெப்பமண்டலக் கடலின் மேல்மட்ட நீரில் கால்சைட் படிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சரக்கு கரைந்து கிடந்தும் அது தானாகப் படிந்து கொட்டுவதில்லை.

"சிமென்ட்டும் மணலும் குவிஞ்சு கெடக்கும், ஆனா வேலை நடக்காது. கூட வந்து நிக்கிற ஆளு சரியில்லேன்னா அப்படித்தான்" என்றார் பெரியவர்.

ஷா ஆலம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் என்று ஊர்கள் கடந்துபோயின.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் சூளை இருக்கிறது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லிலும் ஓட்டிலும் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஆங்கில அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லுக்கு மண் எடுத்துச் சுட்ட இடங்களில் ஒன்று இது. சீனச் சமூகத்தின் கப்பித்தானாக இருந்த யாப் குவான் செங்கின் சூளையும் இங்கேதான் இருந்தது. பிறகு ரயில்வே வந்தது, ரயில்வேயோடு தமிழர்கள் வந்தார்கள். 1904இல் விவேகானந்தர் ஆசிரமம் எழுந்தது. இன்று துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளின் வாசனையும் முறுக்குப் பொரியும் வாசனையும் கலந்து வருகிறது.

பூக்கடை ஓரத்தில் வெற்றிலை விற்கும் இடத்தில் பெரியவர் நின்றார். வெற்றிலைக்காக இல்லை, சுண்ணாம்பு டப்பாவுக்காக. உள்ளே வெள்ளை விழுது ஈரமாக இருந்தது. விளிம்பில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பொருக்கு இனி நாக்கில் சுடாது என்று வெற்றிலை போடும் எல்லாருக்கும் தெரியும்.

தெரியாமலே எல்லாரும் பார்த்திருக்கும் வேதியியல் அது. கல்லையோ சிப்பியையோ காளவாயில் சுடும்போது அதிலிருந்த கரியமில வாயு பறந்துவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பு இழந்ததை மறப்பதில்லை. காற்று பட்ட இடத்திலெல்லாம் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. டப்பா விளிம்பின் பொருக்கு கால்சியம் கார்பனேட். நேற்றைக்குப் பிறந்த கல். நீற்றிய சுண்ணாம்பை மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைப்பது கொத்தனார்களின் பழக்கம். காற்றை அண்டவிடாமல் தடுக்கும் காவல் அந்தத் தண்ணீர்.

அடுத்த தெருவில் பழைய அடுக்கு வாகன நிறுத்துமிடம் ஒன்று. அதன் கீழ்த்தளத்தில் பேத்தி தாத்தாவை நிறுத்தி மேலே காட்டினாள். கான்கிரீட் தளத்தின் விரிசலிலிருந்து உறிஞ்சுகுழல் பருமனில் வெள்ளைக் குழாய்கள் தொங்கின. வரிசையாக ஏழெட்டு. ஒன்று ஒரு சாண் நீளம்.

"தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா நிக்குதே" என்று அண்ணாந்து பார்த்தார். "இது எத்தனை வருஷம்?"

குகையில் தொங்கும் கல்விழுதின் வளர்ச்சி சாதாரணமாக வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு சாணுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வேண்டும். சங்க காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். வாகன நிறுத்துமிடமோ அவள் அப்பா வயதுகூட இருக்காது. கான்கிரீட்டில் தொங்கும் இந்தக் குழாய்களை அளந்து 2016இல் ஆஸ்திரேலியரான காரி ஸ்மித் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூழல் வாய்த்தால் ஒரே நாளில் இரண்டு மில்லிமீட்டர்வரை நீள்கின்றன என்று அவர் கண்டார். குகை ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கான்கிரீட் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடுகிறது. குழாய் மெல்லியது, எடை குறைவு. எடைக் கணக்கில் பார்த்தாலும் வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு.

இரண்டிலும் படிவது ஒரே கால்சைட். வேறுபாடு சொட்டுக்குள் இருக்கிறது.

குகைக்கு மேலே மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. மண்ணுக்குள் அடைபட்ட காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்குவரை இருக்கும். அதைக் கரைத்துக்கொண்ட மழைநீர் லேசான அமிலமாகிக் கல்லைக் கரைத்தபடி கீழே இறங்குகிறது. குகைக் காற்றைத் தொட்டதும் சொட்டு அந்த வாயுவை வெளியே விடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு தாங்காமல் படிகிறது. கரைசலில் இருக்கும் மிச்சம் கொஞ்சம்; படிவதும் கொஞ்சம். கான்கிரீட்டில் கதை தலைகீழ். சிமென்ட் என்பதே சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட்டது; இறுகிய பிறகும் அதற்குள் நீற்றிய சுண்ணாம்பு தங்கியிருக்கிறது. விரிசல் வழியே இறங்கும் மழைநீர் அதைக் கரைத்துக் கடும் காரமாகிறது. வெளியே வந்த சொட்டு கரியமில வாயுவை விடுவதில்லை, காற்றிலிருந்து இழுக்கிறது. இழுத்த கணமே கால்சைட் பிறக்கிறது. வெற்றிலைக் கடை டப்பாவின் விளிம்பில் நடந்ததேதான், தலைக்குமேல் தொங்கிக்கொண்டு நடக்கிறது.

ஸ்மித்தின் அளவீட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டைவிட வேகமாக விழுந்தால் குழாய் நீள்வதே இல்லை. சரக்கு முழுவதும் தரைக்குப் போய்விடுகிறது. மிக வேகமாக நீண்ட குழாயில் ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் பதினொரு நிமிடம். பேத்தி ஃபோனை எடுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டாள். நான்கு நிமிடம் ஆகியும் நுனியில் முத்துப் போல நின்ற சொட்டு விழவில்லை. பத்துமலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அந்த ரயில் செந்தூல் வழியாக வடக்கே போகிறது. இந்தப் பாதையில் ஜன்னலுக்கு வெளியே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் தெரிந்தால் பலரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். பேத்தி அதன் அடியில் இருப்பதைப் பற்றிப் பேசினாள். கோலாலம்பூரின் பெரும்பகுதி, சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீர் அரித்து அரித்து அதன் மேல்தளம் ஊசி ஊசியாகவும் பள்ளம் பள்ளமாகவும் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களில் ஒதுங்கிய வெள்ளீயத்தைத் தோண்டத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஊரே அப்படிப் பிறந்ததுதான். கோபுரம் கட்டத் தொடங்கியபோது அடிப்பாறை ஒருபுறம் சரிந்து ஆழத்தில் போவது தெரிந்து, மொத்தக் கட்டடத்தையும் சுமார் 60 மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். பாறையைத் தொடாமலே நிற்கும் அதன் அடித்தூண்கள் நூறு மீட்டரையும் தாண்டி இறங்குகின்றன.

"கடக்கால் எடுக்கும்போதே பூமி எப்படின்னு கேட்டுக்கணும்" என்று பெரியவர் தலையசைத்தார். பிறகு அவருக்கு வேறொரு கேள்வி. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேரும். பூச்சு பளிங்கு போல வழவழக்கும், தலைமுறை தாண்டி நிற்கும். "எங்க அய்யா ஊத்தச் சொன்னாக, ஊத்தினோம். என்ன காரணம்னு யாரும் சொல்லலை."

காரணம், படிகத்தின் விளிம்பில் இருக்கிறது. கால்சைட் ஒரு சொட்டுக்குள் பொதுக்கென்று உருவாகிவிடுவதில்லை. அதன் மேற்பரப்பு படிக்கட்டு போன்றது. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு கால்சியம், ஒரு கார்பனேட், மறுபடி ஒரு கால்சியம் என்று மாறி மாறி வந்து உட்கார வேண்டும். இதில் இரண்டு சரக்கின் விகிதமும் முக்கியம். கரைசலின் மொத்தத் தெவிட்டுநிலை ஒன்றாகவே இருந்தாலும், இரண்டும் சமமாக இருக்கும் நிலையை ஒட்டித்தான் படி வேகமாக நகர்கிறது என்று 2007இல் நெர்க்கேயும் கூட்டாளிகளும் அளந்து காட்டினார்கள். கட்டுமிடத்துக்குக் கல் மட்டும் லாரி லாரியாக வந்து, கலவை ஒரு சட்டி மட்டும் வந்தால் கொத்தனார் கை கட்டி நிற்க வேண்டியதுதான். குகை நீரில் நிலைமை அப்படித்தான். அமிலம் கலந்த நீரில் கார்பனேட்டின் பெரும்பங்கு பைகார்பனேட்டாக ஒளிந்துகொள்ள, கார்பனேட்டைவிடக் கால்சியம் பல மடங்கு அதிகமாக நிற்கும்.

படியின் ஓரத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டால் வேகம் இன்னும் மாறும். பாஸ்பேட் மிகச் சிறிதளவே போதும், கால்சைட்டின் வளர்ச்சி அடங்கிவிடும். 1930களில் இதைக் கண்டுகொண்ட தண்ணீர்த் தொழில்காரர்கள், பத்து லட்சத்தில் சில பங்கு பாலிபாஸ்பேட் கலந்து கொதிகலன்களிலும் குழாய்களிலும் உப்புப் படிவதைத் தடுத்தார்கள். ஆர்ஓ இயந்திரங்களுக்கு இன்று ஊற்றும் மருந்துக்கும் தத்துவம் அதுதான். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் இதே குடும்பத்து வேலையைச் செய்கின்றன. சர்க்கரை சுண்ணாம்பை அதிகம் கரைய வைக்கிறது. கரிமப் பொருள்கள் படிகத்தின் முகங்களில் ஒட்டிக்கொண்டு அது தன்னிஷ்டத்துக்குப் பெருக விடாமல் பிடிக்கின்றன. சீனாவில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்து மதில் கட்டியவர்களின் பழைய காரையை ஆராய்ந்த செஜியாங் பல்கலைக்கழகத்தார், அரிசியின் மாவுப்பொருள் கால்சைட் படிகங்களைச் சிறிதாகவும் நெருக்கமாகவும் வைத்திருப்பதை 2010இல் எழுதினார்கள்.

"அப்ப எங்க அய்யா சொன்னது சரிதானா?"

"சரிதான் லா தாத்தா. உங்க அய்யாவுக்கு நுண்ணோக்கி இல்ல, அவ்வளவுதான்."

பத்துமலை நிலையத்தில் இறங்கினால் பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்ததுமே மலை. மேலே பச்சை, கீழே சாம்பல், நடுவில் செங்குத்தாகக் கிழிந்த பாறை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு இது. 1980களின் தொடக்கம்வரை இதன் ஓரங்களில் கல் உடைத்தார்கள். 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. தம்புசாமிப் பிள்ளை என்பவர் இங்கே வேல் நாட்டி வழிபாட்டைத் தொடங்கினார். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 2018இல் வண்ணம் பூசிய 272 படிகளில் பெரியவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் குரங்கு அவருடைய வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

படிகளின் பாதிக்கு மேல் இடப்பக்கம் பிரிகிறது இருட்டுக் குகைக்கான வழி. இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து செல்லும் அந்தக் குகைதான் உயிரோடு சொட்டிக்கொண்டிருப்பது. லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற அரிய பொறிக்கதவுச் சிலந்தியின் வீடும் அதுவே. 2019இல் பொதுமக்களுக்கு அதை மூடினார்கள். பேத்தி பெருமூச்சு விட்டபடி கோயில் குகைக்கே ஏறினாள்.

உள்ளே விதானம் சுமார் நூறு மீட்டர் உயரம். பின்பக்கம் கூரை திறந்து வானம் தெரிகிறது. சன்னதிக்குமேல் பிரம்மாண்டமான கல்விழுதுகள், சில யானைத் தும்பிக்கை போல, சில திரைச்சீலை மடிப்பு போல. பல காய்ந்து கறுத்துக் கிடந்தன. சொட்டும் ஒன்றைக் கண்டுபிடித்து அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்: நாற்பது நொடிக்கு ஒன்று. 1978இல் பிளம்மர், விக்லி, பார்க்ஹர்ஸ்ட் மூவரும் கால்சைட் கரையும், படியும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். ஜெர்மனியின் வொல்ஃப்காங் டிரெய்ப்ரோட் அதைக் குகைக்குள் கொண்டுவந்து, விழுதின்மேல் வழியும் நீர்ப்படலத்தின் தடிப்பு, நீரில் மிகுந்திருக்கும் கால்சியம், வெப்பம் ஆகியவற்றிலிருந்து வளர்ச்சியைக் கணக்கிட்டார். வெப்பம் கூடினால் வேகம் கூடும். அந்த வகையில் கோலாலம்பூரின் குகைக்குக் குளிர்நாட்டுக் குகையைவிட வாய்ப்பு அதிகம். வாய் திறந்த குகையில் காற்று புகுந்து நீர் ஆவியாவதும் சேர்ந்துகொள்ளும். நுழைவாய் அருகே படிவது இறுகாமல் சொரசொரப்பாக நிற்பது அதனால்.

முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்த பெரியவர் சுவர் ஓரப் பாறையைக் கையால் தடவினார். "இது வேற கல்லு மாதிரி இருக்கே?"

கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக் கல்லில் ஆங்காங்கே டோலமைட் உண்டு. கால்சியமும் மெக்னீசியமும் அடுக்கடுக்காக மாறி மாறி அமைந்த கார்பனேட். கையால் தடவி இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேத்திக்கு அந்தப் பெயரை இழுக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. உலகின் பழைய மலைகளில் டோலமைட் குவிந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சாதாரண வெப்பத்தில் செய்தால் வருவதே இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லிண்டன் லாண்ட், தெவிட்டும் அளவைப்போல் ஆயிரம் மடங்கு சரக்கு நிறைந்த கரைசலை 25 டிகிரியில் 32 வருடம் வைத்துப் பார்த்தார். ஒரு துகள்கூடப் படியவில்லை என்பதை 1998இல் கட்டுரையாகவே வெளியிட்டார்.

"முப்பத்திரண்டு வருஷமா? ஆளு பொறுமைசாலிதான்."

விடை 2023இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூன்சூ கிம்மும் வென்ஹாவ் சன்னும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து கண்டது இது: வளரும் ஓரத்தில் கால்சியமும் மெக்னீசியமும் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன, ஒழுங்கில்லாத அந்த வரிசைமேல் அடுத்த வரிசை ஏறுவதில்லை. கரைசலை நீர்க்கச் செய்தால் தவறாக உட்கார்ந்தவையே முதலில் கரைந்து போகும். மறுபடி செறிவூட்டினால் சரியானவை வந்து நிரம்பும். மழையும் வெயிலும், ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வருவதுபோல. எலக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4000 முறை தட்டி அந்த மாற்றத்தை உண்டாக்கியபோது, அதுவரை ஐந்து அடுக்கைத் தாண்டாத டோலமைட் சுமார் 300 அடுக்கு வளர்ந்தது.

பெரியவர் சிரித்தார். வரிசை கோணிவிட்டால் ஈரம் காயுமுன் கல்லைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும் என்று சித்தாளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். "அதான் ரசமட்டம் வச்சுப் பாக்குறது" என்றார்.

திரும்பும் ரயிலில் அவர் தூங்கிவிட்டார். கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் கிள்ளான் ரயிலுக்கு நேரம் இருந்ததால் வாழை இலைச் சாப்பாடு ஒன்றை முடித்துவிட்டு, அவரே பேத்தியை அந்த வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார். சாயங்கால மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் பார்த்த நீளக் குழாய் இல்லை. யாரோ துடைப்பத்தால் தட்டிவிட்டிருந்தார்கள், வெள்ளைத் துண்டுகள் தரையில் சிதறிக் கிடந்தன. அவர் ஒரு துண்டை எடுத்துக் கெராங் ஓட்டுக்குள் வைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மேலே மிஞ்சிய அரை அங்குல மூட்டின் நுனியில் சொட்டு ஒன்று திரண்டுகொண்டிருந்தது.

பேத்தி கடிகாரத்தை ஓடவிட்டாள். ஆறு நிமிடம். ஏழு. கிள்ளானிலிருந்து மகள் அழைத்தாள், எங்கே இருக்கிறீர்கள் என்று. "இரு தாயி, ஒரு சொட்டு விழணும்" என்றார் பெரியவர், கண்ணை எடுக்காமல்.